பின்பக்கமாகப் போய்ப் பார்த்த வீடு

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். சந்தேகம் வந்தால் கேட்க இங்கே பக்கத்தில் ஆள் இல்லை. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்கப் பசறைக்குப் போக வேண்டும். நான் போகவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி குவைத்துக்குப் போய்ப் பத்து வருடம் ஆகப்போகிறது. அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நான் பதுளையில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக் கட்டுகிறேன். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில், என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் கிடைத்த லயத்துக் காம்பராவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில்தான் இருந்தேன். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் கடைக்கு வந்து போவேன். எங்களுக்கு ஒரே மகன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான், மூன்றாம் நாள் போய்விடுவான்.

மனைவி இரண்டாவது தடவை லீவில் வந்தபோது ஒரு மாதம் இருந்தாள். போகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “இனி இந்தக் காம்பராவுக்கு நான் வரமாட்டேன். பக்கத்துக் காம்பராவுல இருமுனா நான் எந்திரிச்சித் தண்ணி குடிக்கிறேன். டவுன் பக்கமா ஒரு வீடு பாருங்க. தனி வீடு. பாத்துட்டுச் சொல்லுங்க, வந்துர்றேன்.”

அவள் சொன்னது பொய்யில்லை. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரை வரை போகாது. பக்கத்தில் கறி தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். வீட்டுக்கென்று அவள் அனுப்பிய பணம் வங்கியில் இருந்தது. வீடு தேடுவது மட்டும்தான் என் பங்கு.

தேடினேன். அப்புத்தளையில் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு வீடு. நான் போன அன்று மூடுபனியில் பாதி வீடுதான் தெரிந்தது. கொடியில் கிடந்த துணி எத்தனை நாளாகக் காய்கிறது என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். மொனராகலையில் இன்னொன்று. அங்கே கிணற்றுக்குள் வாளி இறங்கிக்கொண்டே இருந்தது, தண்ணீரின் சத்தம் வரவேயில்லை. பசறை ரோட்டில் பார்த்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ரோட்டில் போகிற பஸ் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது என்று அவளிடம் சொன்னேன். பஸ் சத்தம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. வேலை செய்யும் வீட்டு மேடம் பதில் கேட்கிறார் என்றாள். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீடு அமைந்துவிட்டால் ஊருக்கு வந்துவிடுவாள். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வாரம் கடைக்கு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டுத் தரகும் பார்ப்பவர். ஹாலி-எல போகிற வழியில், சரிவில் இருக்கிற வீடு. பஜாரில் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி தனியாக இருக்கிறார், விற்றுவிட்டுக் கனடாவில் மகளிடம் போகப்போகிறார் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னவர், காலையில் போன் எடுத்து, மஹியங்கனைக்கு ஹயர் வந்துவிட்டது, அந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களே போய்ப் பாருங்கள் என்றார்.

முன்பு பார்த்த வீடுகளுக்கெல்லாம் யாராவது ஒரு தரகர் முன்னால் போனார். நான் அவருக்குப் பின்னால் போனேன். இந்த வீட்டின் கேற்றைத் திறந்தபோது நான் மட்டும்தான் நின்றேன். இடது பக்கம் சிவப்புப் பொலிஷ் போட்ட படிகள் முன்வாசலுக்கு ஏறின. வலது பக்கம் ஒற்றையடிப் பாதை ஒன்று பின்னால், சமைக்கிற குசினிப் பக்கம் சுற்றிப் போனது. என் கால் வலது பக்கம் போனது. நான் யோசிக்கவேயில்லை. தோட்டத்தில் துரை பங்களாவுக்கு எதற்குப் போனாலும் குசினிப் பக்கமாகத்தான் போவோம். கடை முதலாளி வீட்டுக்கு மூட்டை கொண்டு போனாலும் அப்படித்தான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு பெரிய வீட்டின் முன்படியில் நான் தனியாக ஏறியது, என் கல்யாணத்துக்கு அழைக்கப் போன அன்று மட்டும்தான்.

குசினி வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பதான் வர்றியா? நேத்தே வரச் சொன்னேனே” என்றார். என் கையைப் பார்த்தார். “வெறுங்கையோட வந்திருக்க. மம்பட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால கெடக்கு. மேலருந்து ஆரம்பி. அந்த ரோசாச் செடியில மட்டும் கை வச்சிராத.”

“அம்மா, நான் வந்து...” என்றேன்.

“தேத்தண்ணி பொறகு தர்றேன். வெயிலுக்கு முந்தி வேலையப் பாரு.”

புல் வெட்ட வரச்சொன்ன ஆள் என்று நினைத்துவிட்டார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் மம்பட்டியை எடுத்தேன். ஒரு வரிசை செதுக்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வரிசை முடிந்தபோது, பாதியில் சொன்னால் அந்தம்மாவுக்குக் கூச்சமாக இருக்குமே என்று தோன்றியது. பாதி முடிந்தபோது, இனிச் சொல்லி என்ன என்று தோன்றியது.

ஆனால் எந்த வீட்டையும் நான் அவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை. அத்திவாரம் முழுவதும் கருங்கல். கூரை ஓட்டில் நாலைந்துதான் மாற்ற வேண்டியவை. மேல் சரிவிலிருந்து வருகிற தண்ணீருக்கு யாரோ நல்ல கான் வெட்டியிருந்தார்கள். பிறகு பார்க்க ஆளில்லாமல் அது மண் மூடிக் கிடந்தது. அதையும் சேர்த்துத் துப்புரவாக்கினேன். சுற்றி வரக் காணி இருந்தது. எந்தப் பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டைத் தொடவில்லை. அவள் கேட்ட வீடு இதுதான் என்று மம்பட்டியோடு நின்றபோதே தெரிந்துவிட்டது.

பத்து மணிக்கு அந்தம்மா தேத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து படியில் வைத்தார். உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். வீடு பார்க்க இன்று ஓர் ஆள் வருவதாக இருந்தது, காணவில்லை என்றார். பிறகு குசினிச் சுவரைக் காட்டினார்.

“மழ வந்தா இந்தச் செவுரு நனஞ்சிருதுப்பா. உள்ள சாக்கு போட்டு வச்சிருக்கேன். வர்ற ஆளுகிட்ட வாயத் தொறந்துராத.”

“சரிங்கம்மா” என்றேன்.

மகள் ஆறு வருடமாகக் கூப்பிடுகிறாளாம். அங்கே போனால் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் தட்டிக்கழித்து வந்தாராம். இங்கே இப்போது யாரிடம் பேசுகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் உள்ளே போனதும் என் போன் அடித்தது. மனைவி. முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு.

“வீட்டப் பாத்தாச்சா?”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

போனைத் திருப்பி அத்திவாரத்தைக் காட்டினேன். கூரையைக் காட்டினேன். கானைக் காட்டினேன்.

“என்னங்க, கானையும் மண்ணையுமே காட்டுறீங்க. உள்ள போங்களேன்.”

“இன்னும் உள்ள போகல.”

“கையில என்ன அது?”

மம்பட்டியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. “கூலி எவ்வளவுன்னு பேசிக்கிட்டீங்களா?” என்று கேட்டு இன்னும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“நான் இங்க குப்ப வாளி போற வழியாத்தான் ஒன்பது வருசமாப் போய் வர்றேன்” என்றாள். “நீங்க வாங்கப் போற வீட்டுக்கும் அந்த வழியாத்தான் போகணுமா?”

நான் கையிலிருந்த மண்ணைத் தட்டினேன்.

“கையக் கழுவிட்டு முன்னால போய் மணிய அடிங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்.”

கையைக் கழுவினேன். காலையும் கழுவினேன். அதற்குள் அந்தம்மா கூலியைக் கொண்டுவந்து நீட்டினார். வேலை சுத்தமாக இருக்கிறது, அடுத்த மாதமும் வா என்றார். வாங்கிக்கொண்டு, சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடையில் மூட்டை அதிகம். செவ்வாயும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை தரகர் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. கூச்சம்தான் காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கூச்சம் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை.

அவள் லீவில் வந்த அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். வந்த முதல் வாரம் மகன் இருந்தான், சொந்தக்காரர்கள் வந்து போனார்கள், நன்றாக இருந்தது. பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் சமைத்தது எனக்குப் புதிதாக இருந்தது. நான் எத்தனை மணிக்கு எழும்புவேன், சோற்றுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பேனா பின்னால் குடிப்பேனா என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பாத்திரம் கழுவும்போது அரபியில் ஏதோ தனக்குள் சொல்லிக்கொள்வாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். விருந்தாளி வந்த வீடு மாதிரி நான் சட்டையைக் கழற்றாமல் இருந்தேன். போனில் பேசுகிற அளவுக்குக்கூட நேரில் பேச எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் ஏர்போர்ட்டுக்குப் போன பிறகு பஸ்ஸில் அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது உடம்பு லேசாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

துணி காயாது, தண்ணீர் ஆழம், பஸ் சத்தம் என்று நான் சொன்னதெல்லாம் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவள் வர வேண்டும் என்று இருக்கும். வந்த பிறகு என்ன பேசுவது என்று பயமாகவும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் அவள் போன் அடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றாள்.

“சரி” என்றேன்.

“சாப்டீங்களா?”

“இனித்தான்.”

அவள் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டு அழுதது. போகணும் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். அவசரம் எல்லாம் முடிந்துபோன பிறகு ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இனி எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒன்றுதான் என்பதால் கால் போயிருக்கலாம். தேய்த்த சட்டை போட்டிருந்தேன். சிவப்புப் படியில் ஏறி மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்ப்பா, புல்லு இன்னும் மொளைக்கவே இல்ல. அதுக்குள்ள வந்துட்ட.”

“வீடு பாக்க வந்தேன்மா” என்றேன். “அன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“செவுரு நனையிறத வேற உங்ககிட்டயே சொல்லித் தொலச்சிட்டேனே” என்றார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“வாய் வரலம்மா.”

“நல்ல ஆளு போங்க. உள்ள வாங்க.”

ஒவ்வொரு அறையாகக் காட்டினார். முன்னறை, இரண்டு படுக்கையறை, குசினி. எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். சரியான குடும்பத்துக்குத்தான் போகிறது என்று சந்தோஷப்பட்டார். நான் விளக்கவில்லை. எழுத்து வேலைகள் முடிய இரண்டு மாதம் பிடித்தது. அந்தம்மா கனடாவுக்குப் போகும்போது கோழிகளை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. தனி வீடு என்றால் என்ன என்று வந்த பிறகுதான் தெரிந்தது. லயத்தில் விடியற்காலை யாருடைய அடுப்பு முதலில் பற்றுகிறது, யாருடைய ரேடியோ, எந்தப் பிள்ளைக்குச் சளி என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். இங்கே என் கரண்டிச் சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் நல்லவர்கள். ரோட்டில் கண்டால் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். கட்டில், அலமாரி ஒன்றும் வாங்கக் கூடாது, தான் வந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அதனால் முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறேன். மற்ற இரண்டு அறைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவேன்.

இன்று காலையும் கூப்பிட்டாள். அவள் வர இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. வழக்கம்போலப் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் நடந்து காட்டினேன். சாமிப்படம் எந்தச் சுவரில் என்று சொன்னாள். பின்பு திடீரென்று கேட்டாள்.

“அந்த ஒரு வாரம் ஏங்க போகல? திங்கக்கிழமையே போயிருக்கலாமே.”

கடையில் மூட்டை அதிகம் என்றேன்.

“ஆமா, சொன்னீங்க” என்றாள்.

அவள் நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது. போனை வைத்த பிறகு கோழிகளுக்குத் தீனி போட்டேன். ரோட்டுக் கடைக்குப் போய் இந்தக் கொப்பியை வாங்கி வந்து, அவள் கேட்டதற்கு உண்மையான பதிலை எழுத உட்கார்ந்தேன். தபாலில் அனுப்பினால் பத்து நாளில் அவள் கைக்குப் போய்விடும் என்கிறார்கள். அனுப்புவேனா என்று இன்னும் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, 20.10.2024