ஓரத்து நட்சத்திரங்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னைப்போல லேத் ஓட்டுகிறவன் கிடையாது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், சொந்தமாகப் பட்டறை வைத்தேன். அப்படிப்பட்ட என்னையே அலைக்கழித்தவர் ஒரு பெயிண்ட் கம்பெனி கெமிஸ்ட். ஒல்லியான உடம்பு, சட்டை முழுக்கப் பெயிண்ட் புள்ளி.

டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி நட்சத்திரங்களைப் படமெடுப்பார். இரண்டுக்கும் நடுவில் படத்தைச் சுருக்கிக் கொடுக்க ஒரு லென்ஸ். அதற்கும் கேமராவுக்கும் இடையே வைக்க என்னிடம் அலுமினிய வளையம் கடையச் சொல்வார். தூரம் மயிரிழை பிசகினாலும் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைத்துவிடுமாம். ஒவ்வொரு வளையத்தையும் போட்டு எடுத்த படத்தைக் கொண்டுவருவார். நடுவைப் பார்க்கவே மாட்டார். நான்கு மூலைகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவுவார்.

“நடுவுல சூப்பரா கீதே சார்! மூலைய வெட்டிக் கடாசிட்டு செவுத்துல மாட்டுங்க.”

“வெட்டினா தப்பு போயிடுமா மேஸ்திரி?”

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் புது ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அது விளக்குப் போட்டு வானத்தை மறைப்பதற்குள் ஒரு படமாவது சுத்தமாக எடுத்துவிடத் துடித்தார். வளையத்தைக் கூட்டினேன், குறைத்தேன். வால் போகவில்லை. ஆலை விளக்கும் எரிந்தது. மறுநாளே வந்து நின்றார்.

“இன்னொரு வளையம் வேணும்.”

“இன்னா சார் பேஜாரு? அந்த வெளிச்சத்துல வானமே தெரியாதே!”

“நாலு பெரிய நட்சத்திரம் தெரியுது. படத்துக்குப் பத்தாது. தப்பு எங்கேன்னு பாக்கப் போதும்.”

கடைந்து கொடுத்தேன். அதிலும் வால் வந்தது. படமெடுக்க வானமே இல்லாதவர் அந்தத் தப்பைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அடுத்த வளையத்துக்கு அளவு சொல்லிவிட்டுத்தான் போனார்.