பரிமளா செய்த தேர்

அந்த விளையாட்டை உருவாக்கியவன் நான் அல்லன். நான் திருடன்!

பட்டன் போன் காலத்தில், பேருந்துக்குக் காத்திருந்தபோதெல்லாம் நீங்கள் ஆடினீர்களே ஒரு தேர் விளையாட்டு, அதைத்தான் சொல்கிறேன். அதற்காகத்தானே என்னைத் தமிழ் வீடியோ கேமின் முன்னோடி என்று மேடையேற்றி மாலை போட்டீர்கள்? அதை யோசித்தவளும் எழுதியவளும் பரிமளா. கல்லூரியில் என்னோடு படித்தவள். நான் ஒலி சேர்த்தேன், விற்றேன்... அவ்வளவுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு கணினிகள், நாங்கள் இருவர். எந்த விளையாட்டைச் செய்வதென்று புரியாமல் நான் கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை என்று உளறிக்கொண்டிருந்த நாளில் கீழே தேர் வந்தது. ஜன்னலோரம் நின்றிருந்த பரிமளா, கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"எல்லாரும் வடம் இழுக்கறவங்களையே பாத்துக்கினு இருக்காங்க. சக்கரத்துக்குக் கீழ கட்டை போடறாங்க பாரு, அவங்கதாம்பா தேரைத் திருப்பறாங்க. கொஞ்சம் பிசகுனா கடைக்குள்ள பூந்துடும். இதாம்பா கேம்!"

முட்டுக்கட்டையைச் சரியான நொடியில், சரியான சக்கரத்தின் கீழ் வைத்துத் தேரைத் தெருமுனையில் திருப்ப வேண்டும். அந்தத் தம்மாத்துண்டு திரைக்குள் தேரின் கனத்தையும் சறுக்கலையும் கொண்டுவர அவள் மாதக்கணக்கில் அழித்து அழித்து எழுதினாள்.

விளையாட்டு வெளியாகும் தறுவாயில் அவள் பிரசவத்துக்காக வாலாஜாபாத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கடைசித் திரையில் இருவர் பெயர்களும் இருந்தன. அவள் பெயரை நான் அழித்தேன்.

ஏன்? யாராவது மிரட்டினார்களா? இடம் போதவில்லையா? இல்லை! பேட்டி எடுக்க வந்த ஒருவர், "நீங்களே பண்ணதா சார்?" என்று வியந்தார். "ஆமாம்" என்றேன். சொன்ன பொய்க்குத் தோதாகத் திரையைத் திருத்தினேன். இத்தனை அற்பமான காரணம்...

கைக்குழந்தையோடு மாடியேறி வந்தாள்.

"எம் பேரு எங்கப்பா?"

"அடுத்த வெர்ஷன்ல போட்டுடலாம்மா. அவசரத்துல விட்டுப்போச்சு..."

"அவசரத்துல உன் பேரு மட்டும் எப்படி விட்டுப்போவல?"

குழந்தையைக் கொஞ்சக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். படியிறங்கியவள் பிறகு வரவேயில்லை. அடுத்த வெர்ஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது!

என்மேல் கோபம் வருகிறதா? எனக்கு உங்கள்மேலும் வருகிறது! அவள் தினமும் அந்த மாடிக்கு வந்துபோனதைத் தெருவே பார்த்ததே, ஒருவராவது கேட்டீர்களா? "டைப் அடிக்க ஒரு பொண்ணு வந்துக்கினு இருந்துச்சே" என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

இன்னும் கேவலம் இருக்கிறது, கேளுங்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் வீடியோ கேம்களின் வரலாற்றைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் விளையாட்டை எழுதியவர்களின் பெயரை நிறுவனம் வெளியே விடவில்லை என்றும், ஒருவர் யாருக்கும் தெரியாமல் விளையாட்டுக்குள்ளேயே ரகசிய அறை ஒன்றை அமைத்துத் தன் பெயரை எழுதிவைத்தார் என்றும் சொன்னேன். மேசையைக் குத்தி முழங்கினேன்: "உழைத்தவர் பெயரை அழிப்பது கொலைக்குச் சமம்!" அரங்கமே கைதட்டியது. கொலைகாரனுக்கு!

பிறகு ஒரு மாணவி எழுந்தாள். "சார், தேர் திரும்பறப்போ பின்சக்கரம் லேசா வழுக்குமே, அந்தச் சின்ன போன்ல அதை எப்படி சார் கொண்டுவந்தீங்க?"

எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது! "எல்லாம் அனுபவம்தாம்மா" என்று சிரித்தேன். அதற்கும் கைதட்டினார்கள். அந்த ஓசை வீடுவரை என்னைத் துரத்தியது.

சில வாரங்களில், சென்னையில் பழைய விளையாட்டுகளுக்கு ஒரு காட்சிக்கூடம் அமைப்பவர்கள் எங்கள் தேரையும் கேட்டார்கள். பரிமளாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லிடப் போறேன் பரிமளா. உன் பேரைக் குடுக்கப் போறேன்."



"குடு. அதுக்கு எனக்கு எதுக்கு போன் பண்ணிக்கினு இருக்கற? நான் அழுவணுமா?"

"மன்னிப்பு கேக்கலாம்னு..."

"அப்புறம் நான் ஒரு கேம்கூடப் பண்ணல, தெரியுமா உனக்கு? நான் பண்ணத உன்னுதுன்னு ஊரே சொல்லும்போது, எதைக் காட்டி எங்க வேலை கேப்பேன்? மன்னிப்பாம்! வைப்பா போனை."

அவள் பெயரைக் கொடுத்தேன். உண்மையாகவே கொடுத்தேன். இருவரும் சேர்ந்து செய்தோம் என்று சொல்லிக் கொடுத்தேன்... ஆம், அப்போதும் பாதிதான் சொன்னேன்!

திறப்பு நாளில் போய்ப் பார்த்தேன். பலகையில் பெரிய எழுத்தில் என் பெயர். அதன் கீழே, பொடி எழுத்தில்: உதவி, பரிமளா.

உதவி!

என் முகம் மாறியதை அமைப்பாளர் கவனித்துவிட்டார். "ஏதாவது தப்பா இருக்குதா சார்? சொல்லுங்க, இப்பவே மாத்திடலாம்" என்றார். புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"இருக்கட்டும்" என்றேன்.

பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.