முட்ட முட்டப் பெட்ரோல்

என் அக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்த்த காலம் முழுக்க டயர் கடையில் பில் போட்டவர். டயரைக் கையால் தொட்டதில்லை, சட்டை அழுக்காகிவிடும் என்பார். ஆனால் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினாரோ இல்லையோ, உலகத்து இன்ஜின்களுக்கெல்லாம் தானே பிரம்மா என்று ஆகிவிட்டது. குடும்பத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'எல்லாந்தெரிஞ்சவர்'. அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பெட்ரோல் போடுவதில் அத்தானுக்கென்று ஒரு முறை உண்டு. டேங்க் நிரம்பியதும் குழாய் தானாக 'டக்'கென்று நின்றுவிடும். மற்றவர்கள் அதோடு கிளம்புவார்கள். இவர் கிளம்பமாட்டார். "இன்னும் பிடிக்கும், அமுக்கு" என்பார். கழுத்து வரை வந்து தளும்பினால்தான் அவருக்குத் திருப்தி.

கொஞ்ச நாளில் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் லேசில் பிடிக்காது. பிடித்தாலும், நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் கண்ட மாதிரி உதறும். சிக்னலில் அணைந்துபோகும். கொஞ்ச தூரம் ஓடியபிறகு ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும்.

"பெட்ரோல்ல தண்ணி கலக்குறானுங்க" என்று தீர்ப்புச் சொன்னார் அத்தான். பிளக்கை மாற்றினார். டேங்கில் ஏதோ மருந்து ஊற்றினார். உதறல் நிற்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர், தீர்ப்பை மட்டும் மாற்றவே இல்லை.

ஒருநாள் நானும் அக்காவும் வண்டியில் இருந்தோம். பெட்ரோல் போட்டதும் கார் பங்க்கிலேயே உதறி நின்றது. அத்தான் இறங்கி, பெட்ரோல் போட்ட பெண்ணைப் பார்த்துக் கத்தினார்.

"திருட்டுக் கும்பல்! எவ்வளவு தண்ணி கலந்தே?"

"நான் குழாயைப் பிடிக்கிறவ சார். கீழ இருக்கிற டேங்க்ல நான் என்ன கலக்க முடியும்?"

"எதிர்த்துப் பேசுறியா?"

கூட்டம் கூடியது. முதலாளி ஓடிவந்தான். வாடிக்கையாளர் முன்னால் நல்லபேர் வாங்க, அந்த இடத்திலேயே அவளை வேலையைவிட்டு அனுப்பினான். அவள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அக்கா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். அத்தானோ வழியெல்லாம், "கேட்டாத்தான் நியாயம் கிடைக்கும்" என்று உபதேசம் செய்துகொண்டே வந்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். காய்ச்சல் எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்று பார்த்தே பழகியவள். அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, பெட்ரோல் கெட்டதுன்னா அந்த டேங்க் தீர்ற வரைக்கும் உதறணுமே? அதே பெட்ரோல் கொஞ்ச நேரத்துல எப்படி நல்லதாச்சு?"

"ஊசி போடுறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அத்தான், வாயில் சோற்றோடு.

டேங்க் காலியாக வந்த ஒருநாள் காலை, அவர் குளிக்கப் போனதும் அக்கா சாவியை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி எத்தனையோ காலம் ஆகியும், "கிளட்ச்சைத் தேச்சுடுவே" என்று அவர் அவளிடம் வண்டியைக் கொடுத்ததே இல்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு வேறொரு பங்க்கில் முட்ட முட்டப் பெட்ரோல் போட்டாள். அங்கும் அதே உதறல். உதறலோடே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய், இன்ஜினை அணைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாயை இடுக்கியால் நசுக்கினார். உதறல் சட்டென்று அடங்கியது. இடுக்கியை விட்டார். மறுபடி உதறியது.

"டேங்க்ல கிளம்புற ஆவியை ஒரு கரி டப்பா பிடிச்சு வச்சிருக்கும். இந்த வால்வு அதைக் கொஞ்சங் கொஞ்சமா இன்ஜினுக்கு அனுப்பும். இது திறந்தபடியே மாட்டிக்கிச்சு. பெட்ரோல் போட்டதும் ஆவி மொத்தமா உள்ள போய், இன்ஜினுக்குப் புரையேறுது. யாரு இப்படித் தளும்பத் தளும்ப ஊத்துறது? டப்பாவுக்குள்ளயே பெட்ரோல் போயிருக்கு."

"வீட்ல ஒரு மேதை இருக்கார்" என்றாள் அக்கா.

வால்வையும் டப்பாவையும் மாற்றினார்கள். கார் பூனைபோல நின்றது. அக்கா வீட்டுக்குப் போகாமல் பழைய பங்க்குக்கு விட்டாள். எல்லார் காதிலும் விழும்படி முதலாளியிடம், "கோளாறு எங்க வண்டில. அந்தப் பொண்ணுமேல தப்பே இல்ல" என்றாள். அவன் அசடு வழிந்துகொண்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டான்.

"கத்தின ஆள் வந்து சொல்லட்டும், அப்புறம் வேலைக்கு வரேன்" என்றாள் அவள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தான், "வால்வாத்தான் இருக்கும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார். வெட்கமென்பது மருந்துக்கும் கிடையாது.

"சட்டையை மாட்டிட்டு வாங்க" என்றாள் அக்கா.

பங்க்கில் அந்தப் பெண் காத்திருந்தாள். அத்தான் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, "ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம், விடும்மா" என்றார்.

"இறங்கி நின்னுதானே சார் கத்தினீங்க? இறங்கியே சொல்லுங்க."

அக்கா எட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் இறங்கினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பெட்ரோல் பம்ப்பைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

இப்போது கார் ஓட்டுவது அக்காதான். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக் பிடி, ஹாரன் அடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். அக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாள்.