அண்ணி பின்னிய மணிச் சால்வை

எங்க அண்ணி ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவங்க. இருபத்தாறு வருஷமா "மூச்சை அடக்குங்க... ம், விடலாம்"னு சொல்லிச் சொல்லி வீட்டுலயும் அதே அதிகாரம்தான். பால் பொங்கினா பாலைப் பார்த்துக்கூட அதையேதான் சொல்வாங்க. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடக்கினது, இன்னும் விடச் சொல்லலை"ன்னு அண்ணன் புலம்புவார்.

ஆள் வராத நேரத்துல பின்னல். பின்னலைப் பத்தி அவங்களுக்கு இருக்கற திமிர் இருக்கே, அப்பப்பா! லேஸ் பின்னறவங்க பத்து வரிசைக்கு ஒரு தடவை கண்ணிகளுக்குள்ள வேற நூல் ஒண்ணை ஓட்டி வைப்பாங்க. அதுக்குப் பேரு காவல் நூல். ஊசி நழுவிப் பிரிஞ்சாலும் அந்த வரிசையோட நின்னுடும். அண்ணிக்கு அது கேவலம். நழுவ விடறவளுக்குத்தான் காவல் வேணும்பாங்க.

நாற்பத்தொரு வயசுல எனக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை அச்சகம் வச்சிருக்கார். பதிவு அலுவலகத்துல ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, அவ்வளவுதான். என் பயமெல்லாம் இடது தோளைப் பத்தி. ஒன்பது வயசுல வெந்நீர் கொட்டி, காதுக்குக் கீழே இருந்து தோள் வரைக்கும் தோல் சுருங்கிக் கிடக்கு. அவர் பார்த்துட்டார், அதைப் பெரிசா எடுத்துக்கலை. ஆனா மத்தவங்க கண்ணு? காலர் வச்ச சட்டையிலயே முப்பது வருஷத்தை ஓட்டினவ நான். கழுத்து வரைக்கும் மறைக்கற மாதிரி கெட்டியா ஒரு சால்வை பின்னித் தாங்கன்னு அண்ணிகிட்டக் கேட்டேன்.

அவங்க என்னடான்னா லேஸ் ஆரம்பிச்சாங்க. கரும்பச்சை நூல்ல இலை இலையா, பார்த்த இடமெல்லாம் ஓட்டை. ஆயிரத்து இருநூறு மணியை முதல்லயே நூல்ல கோத்து, பின்னப் பின்ன ஒவ்வொண்ணா ஊசிப் பக்கம் தள்ளிக்கிட்டாங்க. மணியோட கனத்துல சால்வை தோள்லயே படிஞ்சு நிக்குமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இது எதை மறைக்கும்னு சண்டைக்கே போயிட்டேன்.

"மறைக்கத்தான் வேணும்னா கடையில போர்வை வாங்கிக்கோ. நான் பின்னறது பார்க்கறதுக்கு."

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கு. அண்ணி வேலைக்குப் போயிருந்தாங்க. என் கை சும்மா இருக்குமா? முக்கால்வாசி முடிஞ்ச சால்வையை ஊசியோட எடுத்துக் கண்ணாடி முன்னாடி போட்டுக்கிட்டேன். தழும்பு தெரியுதான்னு கழுத்தைத் திருப்பினேன், ஊசி சர்ருனு உருவிக்கிச்சு. பிடிக்கப் போனது இன்னும் வினையாப் போச்சு. கண்ணிக்குப் பின்னால கண்ணியா அவிழ்ந்து ஓடுது, மணியெல்லாம் தொங்குது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். யார்கிட்டயும் சொல்ல முடியாம சாயங்காலம் வரைக்கும் அதை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி வந்து பார்த்தாங்க. திட்டவே இல்லை. கை கழுவிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து, நூலைப் பிடிச்சு மேலும் பிரிக்க ஆரம்பிச்சாங்க.

"மூச்சை அடக்குடி."

வரிசை வரிசையாப் பிரிஞ்சுது. ஏழாவது வரிசையில டக்குனு நின்னுடுச்சு. அத்தனை கண்ணிக்குள்ளயும் ஒரு வெள்ளை நூல் ஓடியிருந்துச்சு. காவல் நூல்!

"உங்களுக்குத்தான் இது கேவலமாச்சே அண்ணி?"

"என் கைமேல எனக்கு நம்பிக்கை இருக்கு. நீ திருட்டுத்தனமாப் போட்டுப் பார்ப்பேன்னும் நம்பிக்கை இருந்துச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. மூணு நாள் லீவு போட்டு முடிச்சுக் கொடுத்தாங்க.

தழும்பு மறைஞ்சுதான்னு கேட்டா, இல்லை. இலைகளுக்கு நடுவுல நல்லாவே தெரிஞ்சுது. பதிவு அலுவலகத்துல கையெழுத்து வாங்கற அம்மா பேனாவை நீட்டினவங்க, அப்படியே என் தோளையே பார்த்தாங்க. நான் மூச்சை அடக்கிக்கிட்டேன். அவங்க கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, இதை யார் பின்னினதுன்னு கேட்டாங்க.

எனக்குப் பின்னாடி நின்ன அண்ணி காதுகிட்டக் குனிஞ்சாங்க.

"ம், விடலாம்."

விட்டேன். எங்க அண்ணின்னு அந்த ஹாலுக்கே கேக்கற மாதிரி சொன்னேன். போட்டோவுல என் இடது தோள்தான் முன்னாடி இருக்கு.