தறிக்கூடத்தில் தொட்டில்

ஊரார் வீடுகளுக்குப் போய் உடல்நலம் விசாரிக்கும் வேலையில் சேரப்போகிறவள், தன் குழந்தையை எங்கே விட்டுப் போவது? வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நான் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்தில் அப்படிச் சொன்னால், ஊசி போடுவேனா என்று கேட்பார்கள். இல்லை என்றதும், அப்புறம் எதற்கு அத்தனை வருடம் படித்தாய் என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நோய் வராமல் தடுப்பதைப் பற்றி என்னோடு படித்தவள், தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் பில்லைச் சரிபார்க்கிறாள். எனக்கு இப்போதுதான் சேலத்தில் ஓர் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. தொழில் நடக்கும் வீடுகளுக்குப் போய், அதனால் அங்கிருப்பவர்களுக்கு என்னென்ன பாதிப்பு என்று எழுத வேண்டும்.

எங்கள் வீடே அப்படிப்பட்ட வீடுதான். முன்கூடம் முழுக்க விசைத்தறிகள், பின்னால் சமையலறை. என் மாமியார் தறிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றில் குறுக்கே ஓட வேண்டிய ஊடைநூலைத் தார்க்குச்சிகளில் சுற்றுகிறார். தொட்டில் கயிறு அவர் கால்விரலில் இருக்கிறது. இன்னும் நடக்கத் தொடங்காத என் மகள் அந்த இரைச்சலில்தான் அசந்து தூங்குகிறாள். கரண்ட் போய்த் தறி நின்றால் வீறிட்டு எழுகிறாள்.

"தறிக்காரன் ஊட்டுப் புள்ளை அப்படித்தான் சாமி" என்று அத்தை சிரிப்பார்.

கல்லூரியில் விசைத்தறி இரைச்சலைப் பற்றித்தான் ஆய்வு செய்தேன். நான் போன கூடங்களிலெல்லாம் தொட்டில் தொங்கியது. அதை எழுதியிருந்தேன். "தலைப்பு தொழிலாளர்களைப் பத்தினதும்மா. குழந்தை தொழிலாளி இல்லையே" என்று வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். பரிந்துரை என்ற தலைப்பின் கீழ், காதடைப்பான் வழங்க வேண்டும், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பவை மட்டும் மிஞ்சின. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு எந்த விழிப்புணர்வை ஊட்டுவது? நினைக்க நினைக்க இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மகளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதிக்கச் செய்தேன். இப்போதைக்குக் குறை இல்லை, ஆனால் சத்தத்தில் படுக்க வைக்காதீர்கள் என்றார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் குறை இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்று எனக்கே தோன்றியது.

"நானும் இதே கூடத்துலதான் வளந்தேன். எனக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்றார் கணவர். அப்போது தறி ஓடவில்லை. அவருடைய இடப்பக்கம் நின்று, "ஏனுங்க, தொட்டிலச் சமையல் ரூமுல கட்டலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன். தோளைத் தொட்ட பிறகுதான், "என்ன சொன்னே?" என்றார்.

மறுநாளே தொட்டிலைச் சமையலறையில் கட்டினேன். இரைச்சல் கொஞ்சம்தான் குறைந்தது. குழந்தை அழும்போதெல்லாம் அத்தை எழுந்து ஓட, தார் சுற்ற ஆளில்லாமல் தறிகள் நின்றன. அத்தை கோபப்படவில்லை. "நீயும் வேலைக்குப் போயிட்டா நான் ரெண்டையும் எப்புடிப் பாக்குறது, நீயே சொல்லு கண்ணு" என்றார். தொட்டில் பழைய இடத்துக்கே போய்விட்டது. அங்கன்வாடியில் இவளுக்கு இன்னும் வயதாகவில்லை என்கிறார்கள். அம்மா வீடு மோகனூரில், தினமும் விட்டு வர முடியாத தூரம்.

வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். தறி ஓடும் வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பகலில் குழந்தையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். சுவரில் பலகை எதையாவது அடித்துச் சத்தத்தைக் குறைத்தீர்களா? தெருவில் நாலு வீடு சேர்ந்து ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொண்டீர்களா? வேலையை விட்டுவிடு என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.