சிலுவையில் ஆடிய எழுத்து

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் போர்டு எழுதிப் பிழைத்த காலத்தில், என் எழுத்து ஒருநாளும் நேராக நின்றதில்லை. ‘க’ இடுப்பை ஒடிக்கும், ‘ர’ காலை நீட்டும், கொம்பெல்லாம் சுருண்டு வால் விடும். மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட நீர்க்குமிழியாகத்தான் போடுவேன். எந்த அச்சிலும் இல்லாத எழுத்து, என் கையில் பிறந்தது. சோடாக் கடை, மிட்டாய்க் கடை, டூரிங் டாக்கீஸில் சிரிப்புப் படம் என்றால் என்னைத் தேடி வருவார்கள். துக்க காரியத்துக்கு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த மீனவர் ஒருவர், தன் படகின் முகப்பில் மாதா பெயரை அந்த எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது.

“படிக்கவா கேக்கேன்? தூரத்துல வாரப்பவே எம்படகுன்னு இவளுக்குத் தெரியணும்லே,” என்றார்.

அப்படியே ஆயிற்று. கரையில் நிற்கும் பெண்களில் அந்த அம்மாதான் முதலில் கை நீட்டுவார். “அந்தா, ஆடிக்கிட்டு வருதுல்ல, அதான் எங்க வீட்டு ஆளு!”

ஒரு புயலில் படகும் போயிற்று, ஆளும் போனார். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத்தோட்டத்தில் வெறும் மணலைக் குவித்து ஒரு மரச்சிலுவை நட்டு, பெயர் எழுத என்னை அழைத்தார்கள். “நம்ம படகு எழுத்துலயே எழுதுங்கண்ணே,” என்று அந்த அம்மா கேட்டார். கோயில் உபதேசியார் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

“கல்லறைன்னா ஒரு மருவாதி வேணாமா? சிரிக்கிற எழுத்தைக் கொண்டாந்து சாவுல வைக்கலாமா?”

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மற்ற சிலுவைகளில் இருப்பது போலவே கறுப்பில் நேர்நேராக எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடிக் காற்று மணலை வாரியிறைத்து மேடு பள்ளமெல்லாம் ஒன்றாகிவிட்டது. கல்லறைத் திருநாளன்று மாலை என் அய்யாவின் கல்லறைக்கு நானும் போயிருந்தேன். அந்த அம்மா வந்திருந்தார். ஒவ்வொரு சிலுவையாகப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒன்றின் முன் முழங்காலிட்டார். மெழுகுவத்தி ஏற்றி, விசும்பி விசும்பி அழுதார். அது வேறு யாருடைய சிலுவையோ. அவர் கணவருடையது சற்றுத் தள்ளி, ஒரு வெளிச்சமும் இல்லாமல் நின்றது.

அடப் பாவமே! உபதேசியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். “பாருங்கய்யா நம்ம மருவாதியை! புருசனுக்கு அழுகுற கண்ணீரு எவன் தலைமாட்டுல விழுது பாருங்க!”

அவர் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. “காலையில பிரஷ்ஷை எடுத்துட்டு வாப்பா,” என்றார்.

மறுநாள் அவர் கணவரின் சிலுவையில் பழைய எழுத்தை அழித்துவிட்டு எழுதினேன். நீர்க்குமிழி, வால், இடுப்பு ஒடிவது, எதையும் விடவில்லை. அந்த அம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தாய்வீட்டுக்குத் திரும்புமுன் சாயங்காலம் மறுபடி வந்தவர் கல்லறைத்தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, வேறு எந்தச் சிலுவையையும் பார்க்காமல் நேரே நடந்துபோய், ஈரம் காயாத எழுத்தின் மேல் கையை வைத்தார்.

“இங்கனதான் இருக்கீகளா?” என்றார்.