வேலியில் ஒரு வளைவு

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வேலி வேண்டும் என்று முடிவானபோது, கிளுவைப் போத்து போதுமே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வத்தல்மலை அடிவாரத்தில் கிளுவைக் குச்சியை எங்கே வெட்டி எங்கே ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு முள் வேலி ஆகாது. ஏற்காட்டில் ஏதோ ஒரு தோட்டத்தில் பிரிவெட் என்ற செடியைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மல்லிகைக்கு அது பங்காளி முறையாம். இலைகள் ஜோடி ஜோடியாக வருமாம், வெட்ட வெட்ட அடர்ந்து சுவர் மாதிரி நிற்குமாம், வெள்ளையாகப் பூக்குமாம். கறுப்பாகக் காய்க்கும் பழத்தை மட்டும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. ஊரில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாமல், அது சாமியார் செடி ஆகிவிட்டது.

நடும் வேலை அப்பாவுக்கு வந்தது. கயிறு பிடிக்காமல் ஒரு கத்தரி நாற்றுகூட நடாதவர் அவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஆவணியில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பொழுது விடிவதற்குள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். ஞானஸ்நானம் பெறாத குழந்தையைச் சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் புதைப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படியெல்லாம் இப்போது கிடையாது என்று சாமியார் சொல்லியும் பெரியவர்கள் கேட்கவில்லையாம். மேற்கு எல்லைக் கல்லுக்கு வெளியே, சிலுவைகூட இல்லாமல் புதைத்தார்கள். முன்னின்று செய்தவர் என் பெரியப்பா. அவர்தான் உபதேசியார்; சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். குழியை மூடியபின் அவர் அப்பாவிடம், "ஒரு சொட்டுத் தண்ணி தலையில ஊத்திப் பேரச் சொல்லியிருந்தாப் போதுமேடா, கையிலதான பாட்டில் இருந்துச்சு" என்றாராம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு, தம்பி சம்மனசு ஆகி, தேவதூதர்களோடு போய்விட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை. சம்மனசுக்கு இறக்கை இருக்கும்போது இடம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் சாமியார் கட்டுக் கட்டாகக் குச்சிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பா ஒவ்வொன்றையும் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதிக் குச்சி மண்ணுக்குள் போகும்படி ஊன்றினார். மூன்று பக்கமும் கயிறு பிடித்ததுபோல் நேராக வந்த வேலி, மேற்குப் பக்கத்தில் மட்டும் சட்டென்று வெளியே வளைந்து, கொஞ்ச தூரம் போய், திரும்பவும் கோட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில், உங்கப்பா போதையில் நட்டாரா என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்கள். அப்பா குடிக்கிறவரே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

பெரியப்பாவும் வந்து பார்த்தார். எதற்கு இந்த வளைவு என்று கேட்டார்.

"பாறை தட்டுதுண்ணா. அதான் சுத்திக்கிட்டுப் போயிட்டேன்" என்றார் அப்பா.

பெரியப்பா அந்த வளைவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அம்மாவும் பார்த்தாள். அன்று மதியம் அவள் அப்பாவின் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். தம்பி போனதிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறவள், அன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மழை நின்றதும் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கொரு பங்கு பிரித்தார்கள். எங்களுக்கு வாசல் பக்கம் வந்தது. வளைவு இருந்த மேற்குப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனது. மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது, வேர் விடாத குச்சிக்கு மூச்சு முட்டினால் அடியிலிருந்து அழுகிவிடும் என்று சாமியார் பூசையிலேயே சொல்லியிருந்தார்.

அரையாண்டு விடுமுறை. சாயங்காலம் அப்பாவோடு நான் போவேன். வாசல் பக்கம் ஊற்றி முடித்ததும் அவர் இன்னும் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போவார். அண்ணன் இதைக் காயத்தான் விடுவார் என்று முணுமுணுத்தபடி ஊற்றுவார். மண் ஈரமாக இருந்தால், களிமண் அப்படித்தான் இருக்கும் என்பார். ஊற்றாமல் திரும்ப அவருக்கு மனம் வராது. அம்மாவிடம் சொல்லாதே, அங்கே போகிறேன் என்று தெரிந்தால் அழுவாள் என்பார்.

மதியம் ஊர் சாப்பிடும் நேரத்தில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அவளும் நேராக வளைவுக்குத்தான் போவாள். ஒவ்வொரு குச்சியாகக் குனிந்து, தலையில் ஊற்றுவதுபோல் மெதுவாக ஊற்றுவாள். "அப்பாகிட்ட சொல்லிப்புடாத கண்ணு, பச்ச ஒடம்போட கொடம் தூக்கறன்னு திட்டுவாரு" என்பாள். நான் சொல்லவில்லை. இரண்டு பேருடைய ரகசியத்தையும் காப்பாற்றுகிற பெரிய மனுஷி என்று எனக்குள் ஒரே பெருமை.

தை பிறந்ததும் வேலி முழுக்கத் தளிர் வந்தது. வளைவில் மட்டும் வரவில்லை. இருந்த இலைகளும் உதிர்ந்தன. ஊரே கூடிப் பார்க்க, பெரியப்பா ஒரு குச்சியை இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. அடி கறுத்து, நாற்றம் அடித்தது. அடுத்ததும் அப்படியே.

"அழுவியிருக்குதேடா. நான் தெனமும் காலையில அளவாத்தான ஊத்துனேன்" என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அப்பா தன் அண்ணனைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று பேரும் ஊற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும். கெடுக்க வேண்டும் என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இந்த முப்பது வருஷத்தில் ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

திரும்ப வளைத்து நடுவதற்கு ஊர் சம்மதிக்கவில்லை. அந்த இடமே ஆகாது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாறை இருந்தால் உடைத்துவிடலாம் என்று பெரியப்பாவே கடப்பாறையோடு வந்தார். நேர்கோட்டில் குத்தினார்; மண்ணில் சுலபமாக இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்திவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அப்பா நட்டார். உள்பக்கம் நின்று கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவர் வெளிப்பக்கமே குந்தி, நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு குச்சியாக ஊன்றிக்கொண்டு வந்தார். முடிந்ததும் நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கோடு போட்டதுபோல் இருந்தது. இனிமேல் பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கேலி செய்ய முடியாது.

"இப்பதாம்ப்பா அழகா இருக்குது" என்றேன்.

"ஆமா கண்ணு" என்றார் அப்பா.

இருட்டிக்கொண்டு வந்தது. வூட்டுக்குப் போகலாம்ப்பா என்று கூப்பிட்டேன். நீ போ, வருகிறேன் என்றார். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதும், வேலிக்கு அந்தப் பக்கம், வெறும் தரையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நட்டு முடித்த பிறகும் அங்கே அவருக்கு என்ன வேலை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.